கீமோ வேண்டாம்னு சொன்னவங்களுக்கு வலி மாத்திரை கூடவா கிடையாது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வருஷா வருஷம் பிப்ரவரி 4ஆம் தேதி உலகப் புற்றுநோய் தினம்னு உங்க பேப்பர்ல பெரிய கட்டுரை வரும், நானும் விடாம படிப்பேன். சீக்கிரம் கண்டுபிடிச்சா குணப்படுத்தலாம், பீடி சிகரெட்ட விடுங்க, பரிசோதனை பண்ணிக்கோங்க, எல்லாமே நல்ல விஷயம்தான், போட வேண்டியதுதான். ஆனா சீக்கிரம் கண்டுபிடிக்க முடியாமப் போனவங்க என்ன பண்ணணும், 4ஆவது ஸ்டேஜ்னு எழுதிக் குடுத்து வீட்டுக்கு அனுப்பிட்டா அந்த வீட்ல இருக்கறவங்க மறுநாள் காலைல இருந்து என்ன செய்யணும்னு நம்ம பேப்பர்கள்ல யாரும் எழுதி நான் பாத்ததில்ல. அதுக்குத்தான் இந்த லெட்டர். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

நான் தென்காசி மாவட்டம். தனியார் ஸ்கூல்ல டீச்சரா இருக்கேன். எங்க அம்மாவுக்கு 79 வயசு, நுரையீரல் கேன்சர்ல போன ஐப்பசில தவறிட்டாங்க. அம்மா ஒரு பீடி குடிச்சதில்ல, வெத்தலை கூட போட மாட்டாங்க. கல்யாணம் ஆனதுல இருந்து விறகடுப்புலதான் சமைச்சாங்க, அப்பா வீட்டுக்குள்ளயே பீடி குடிப்பாங்க, கேஸ் அடுப்பு வந்ததே நான் வேலைக்குப் போன பிறகுதான். எதனால வந்துச்சுன்னு யாராலயும் அடிச்சு சொல்ல முடியாது, டாக்டரும் சொல்லல. ஆனா துக்கம் விசாரிக்க வர்ற மாதிரி வந்து உக்காந்துக்கிட்டு “பொம்பளைக்கு எப்படி நுரையீரல்ல வந்துச்சு, எதுவும் பழக்கம் உண்டுமோ”ன்னு கேட்டவங்க உண்டு. அதுவும் அம்மா காதுல விழற மாதிரி. புகை பிடிக்காத பொம்பளைங்களுக்கும் இந்த நோய் வரும், நம்ம நாட்டுல அப்படி வர்றவங்க நிறையவே இருக்காங்க, தயவுசெஞ்சு இதை ஒருக்கா பெரிய எழுத்துல போடுங்க.

ஆரம்பத்துல இருமல்தான். எக்ஸ்ரேல நிழல் தெரிஞ்சதும் டிபின்னு மாத்திரை ஆரம்பிச்சாங்க. டிபி இவ்வளவு இருக்கற நாட்டுல டாக்டர் முதல்ல அதை நினைக்கறது இயற்கைதான், அதை நான் குத்தமா சொல்லல. ஆனா சளி டெஸ்ட்ல கிருமி இல்ல, மாத்திரை சாப்பிட்டும் இருமல் நிக்கல, எடை குறைஞ்சுக்கிட்டே போகுதுன்னா அடுத்து சிடி ஸ்கேன் எடுக்கணுமான்னு வாயைத் திறந்து கேளுங்க, வாசகர்கள் எல்லாருக்கும் இதைச் சொல்லிக்கறேன். எங்களுக்கு சிடி எடுக்கறதுக்குள்ள தோள்பட்டைலயும் விலாவுலயும் வலி வந்தாச்சு. பயாப்ஸி, பெட் ஸ்கேன் எல்லாம் முடிஞ்சு எலும்புலயும் ஈரல்லயும் பரவியிருக்குன்னு சொன்னாங்க. ஈஜிஎஃப்ஆர்னு ஒரு மரபணு டெஸ்ட் உண்டு, அது பாசிட்டிவா வந்தா கீமோ இல்லாம தினம் ஒரு மாத்திரைலயே நோயைக் கொஞ்ச காலம் கட்டுப்படுத்தி வைக்கலாம், சிகரெட் பிடிக்காத பொம்பளைங்களுக்கு அது பாசிட்டிவா வர வாய்ப்பு ஜாஸ்தி. அதனால வயசாயிட்டுன்னு சொல்லி அந்த டெஸ்ட்ட எடுக்காம விட்டுறாதீங்க. அம்மாவுக்கும் எடுத்தோம், மாத்திரைக்கு ஏத்த மாதிரி வரல. மிச்சம் இருந்தது கீமோதான்.

அம்மா வேண்டாம்னுட்டாங்க. “எண்பது ஆகப் போவுது எனக்கு. உங்க அப்பாவும் போய்ச் சேந்தாச்சு. இனி என்னையப் போட்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலைய வைக்காதட்டி. வலி இல்லாம மட்டும் பாத்துக்கோ, அது போதும்”னு டாக்டர் முன்னாடியே சொன்னாங்க. கிட்னியும் கொஞ்சம் சரியில்ல, சர்க்கரை வேற. கீமோ குடுத்தா என்ன ஆகும், குடுக்கலன்னா என்ன ஆகும்னு டாக்டர் பொறுமையா எடுத்துச் சொன்னாங்க, அதைக் கேட்டு யோசிச்சு அம்மா எடுத்த முடிவு அது. புத்தி தெளிவா இருக்கற ஒரு மனுஷிக்கு தன் உடம்புக்கு எது வேணும் எது வேண்டாம்னு சொல்ல உரிமை இருக்கு, வயசானா அந்த உரிமை பிள்ளைங்க கைக்குப் போயிராது. இது தெரியாம எத்தனையோ வீட்ல மகன் ஒரு பக்கம் மருமகன் ஒரு பக்கம் நின்னு முடிவு பண்றாங்க, படுத்திருக்கறவங்கள ஒரு வார்த்தை கேக்கறதில்ல.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்துச்சு, காசுக்குப் பயந்து விட்டுட்டோம்னு பேசின சொந்தக்காரங்களுக்காக இதையும் சொல்லிடறேன்.

இனிமேதான் நான் எழுத வந்த விஷயம். கீமோ வேண்டாம்னு சொன்ன அன்னைக்கே எங்க ஃபைல மூடிட்டாங்க. எந்த ஆஸ்பத்திரின்னு நான் சொல்ல விரும்பல, ஒரு ஆஸ்பத்திரி பிரச்சனை இல்ல இது. டிஸ்சார்ஜ் சீட்டுல ஆதரவு சிகிச்சை குடுக்கவும்னு இங்கிலீஷ்ல ஒரு வரி. அந்த ஆதரவு சிகிச்சையை யார் குடுப்பாங்க, எங்க குடுப்பாங்கன்னு கேட்டா “வீட்ல வெச்சு நல்லபடியா பாத்துக்கோங்கம்மா, பிடிச்சதைக் குடுங்க”ன்னாங்க. பிடிச்சதைக் குடுக்கறதுக்கு டாக்டர் எதுக்கு? விலா எலும்புல கேன்சர் பரவின ஒருத்தங்க ராத்திரி 2 மணிக்கு புரண்டு படுக்க முடியாம “யம்மா யம்மா”ன்னு கத்தும்போது என்ன மாத்திரை குடுக்கணும், அதை எங்க போய் வாங்கணும், அதுதானே எங்களுக்குத் தெரியணும்?

டிரமடால்னு ஒரு வலி மாத்திரை குடுத்தோம், அம்மாவுக்கு வாந்திதான் மிச்சம். கடுமையான வலிக்கு மார்ஃபின்னு அபின்ல இருந்து எடுக்கற மருந்து ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சு மெடிக்கல் ஷாப்ல கேட்டா “அதெல்லாம் நாங்க வைக்கறதில்லம்மா”ன்னுட்டாங்க, ஒரு கடைல என்னைய மேலும் கீழும் பாத்தாங்க. தெரிஞ்ச டாக்டர்கிட்ட கேட்டா “அது ரொம்ப ஸ்ட்ராங், மூச்சு நின்னுரும், வயசானவங்க, ரிஸ்க் எடுக்க வேண்டாம்”. கடைசில ஒரு நல்ல மனுஷர் சொல்லி, பேலியேட்டிவ் பிரிவு, அதாவது வலியையும் கஷ்டத்தையும் குறைக்கறதுக்குன்னே ஒரு பிரிவு, இருக்கற ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அது பஸ்ல போய் வர ஒரு முழு நாள் ஆகற தூரம். அம்மாவைக் கூட்டிட்டு வரத் தேவையில்ல, ரிப்போர்ட்டும் வீட்ல ஒருத்தரும் வந்தாப் போதும்னு சொன்னது பெரிய உபகாரம். ஒரு சின்ன நோட்டு குடுத்தாங்க, எத்தனை மாத்திரை குடுத்தாங்க எத்தனை மிச்சம்னு அதுல எழுதிக்கிட்டு வரணும். 10 மில்லிகிராம் மாத்திரை, அம்மாவோட வயசும் கிட்னியும் பாத்து பாதி பாதியாதான் ஆரம்பிச்சாங்க.

அன்னைக்கு ராத்திரி அம்மா தூங்கினாங்க. மறுநாள் காலைல எந்திரிச்சு தலை சீவி விடச் சொன்னாங்க, சுண்ட வெச்ச குழம்பு கேட்டாங்க, தெருவுல போற மீன்காரம்மாவைக் கூப்பிட்டு விலை பேசினாங்க. சாகப் போறவங்களுக்குக் குடுக்கற மருந்துன்னுதான் எல்லாரும் மார்ஃபின நினைக்கறாங்க. எங்க வீட்ல அது அம்மாவை திரும்பவும் அம்மாவா உக்கார வெச்ச மருந்து.

அந்த பேலியேட்டிவ் பிரிவு டாக்டரம்மா சொல்லிக் குடுத்ததை இங்க எழுதறேன், யாருக்காவது உதவும். வலி வந்தப்புறம் குடுக்கற மருந்து இல்ல இது, வலி வராம இருக்க 4 மணி நேரத்துக்கு ஒருக்கா கடிகாரம் பாத்து குடுக்கணும். நடுவுல வலி வந்தா எவ்வளவு கூட குடுக்கலாம்னு முன்னாடியே எழுதி வாங்கிக்கணும். முதல் ரெண்டு மூணு நாள் அசந்து தூங்குவாங்க, குமட்டல் இருக்கும், அது பழகிரும். மலச்சிக்கல் மட்டும் பழகவே பழகாது, அதனால மார்ஃபின் ஆரம்பிக்கற அன்னைக்கே மலம் இளகற மருந்தும் சேத்து ஆரம்பிக்கணும், இதை விட்டா வலியை விட அது பெரிய கொடுமை ஆயிரும். எழுப்பினா எந்திரிக்காத அளவுக்கு மயக்கமா இருந்தாலோ மூச்சு ரொம்ப மெதுவா ஓடினாலோ உடனே டாக்டருக்கு போன் பண்ணணும். கேன்சர் வலிக்கு டாக்டர் சொன்ன அளவுல குடுத்தா போதைக்கு அடிமை ஆயிருவாங்கன்னு பயப்பட வேண்டாம், ஆயுசும் அதனால குறையாது. அளவை நாமளா கூட்டவும் கூடாது, பயந்துபோய் நாமளா நிறுத்தவும் கூடாது. இன்னொண்ணு, இளைப்புக்கும் இதே மார்ஃபின்தான் சின்ன அளவுல குடுக்கறாங்க, மூச்சு திணறலோட அந்தத் தவிப்பை அது அடக்குது. மூச்சு நின்னுரும்னு பயந்து டாக்டர்களே எழுத யோசிக்கற மருந்துதான் மூச்சு திணறலுக்கும் நிம்மதி குடுக்குது.

விலைன்னு பாத்தா ரொம்ப சல்லிசு. அப்ப ஏன் கிடைக்கலன்னு எனக்கு மனசு ஆறல, என் மகனை உக்கார வெச்சு தேடி எடுக்கச் சொன்னேன். 1985ல போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்துச்சு. கடத்தல்காரங்களைப் பிடிக்க வந்த சட்டம், ஆனா கணக்குல ஒரு தப்பு வந்தாலும் ஜெயில்னு ஆனதும் ஆஸ்பத்திரிகளும் மருந்துக் கடைகளும் மார்ஃபின் வைக்கறதையே விட்டுட்டாங்க. அப்பல்லாம் ஒரு ஆஸ்பத்திரி மார்ஃபின் வாங்கணும்னா நாலஞ்சு லைசென்ஸ், ஒண்ணு கைக்கு வர்றதுக்குள்ள இன்னொண்ணு காலாவதி ஆயிரும். இப்படியே ஒரு தலைமுறை டாக்டர்கள் மார்ஃபினக் கண்ணால பாக்காமலே படிச்சு முடிச்சு வந்துட்டாங்க. இதுல வேதனை என்னன்னா மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்துல நம்ம அரசாங்கமே லைசென்ஸ் குடுத்து அபின் செடி விளைய வைக்குது, நீமச்லயும் காஜிப்பூர்லயும் அரசாங்க ஃபேக்டரியே இருக்கு, வெளிநாட்டு மருந்துக் கம்பெனிங்களுக்கு இங்க இருந்து அபின் போகுது. விளையற நாட்டுல கிடக்கற கிழவிக்கு அரை மாத்திரை கிடைக்க மாட்டேங்குது. 2014ல பார்லிமெண்ட்ல சட்டத்தைத் திருத்தி, மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி அங்கீகாரம் குடுத்தாலே ஒரு ஆஸ்பத்திரி மார்ஃபின் வெச்சுக்கலாம்னு ஆக்கிட்டாங்க. சட்டம் மாறி பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. பயம் மட்டும் மாறல, இன்னும் எத்தனையோ டாக்டர்களுக்கு சட்டம் மாறினதே தெரியல.

எங்க ஊருக்கு மேற்கே மலை. செங்கோட்டை, புளியரை தாண்டினா ஆரியங்காவு, அங்க இருந்து கேரளா. எங்க சித்தி மகளை புனலூர்ல கட்டிக் குடுத்திருக்கு. அவ மாமியாருக்கும் இதே மாதிரி முத்தின கேன்சர் வந்துச்சு, பஞ்சாயத்துல பேர் குடுத்த உடனே பேலியேட்டிவ் நர்ஸ் வீடு தேடி வந்து பாத்துட்டுப் போவாங்களாம், புண்ணுக்கு மருந்து வைக்கறது, யூரின் டியூப் மாத்தறது, வீட்டுக்காரங்களுக்கு எப்படிப் புரட்டிப் படுக்க வைக்கணும்னு சொல்லிக் குடுக்கறது எல்லாம். பக்கத்துத் தெரு ஆளுங்க, காலேஜ் பிள்ளைங்க, ஆட்டோ டிரைவர்னு தொண்டர்கள் வந்து உக்காந்து பேசிட்டுப் போவாங்களாம். 1993ல கோழிக்கோடு மெடிக்கல் காலேஜ்ல டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் சேந்து சின்னதா ஆரம்பிச்சது, ஜனங்க கையில எடுத்துக்கிட்டதால வளந்து 2008ல கேரள அரசாங்கம் இதுக்குன்னு தனிக் கொள்கையே கொண்டு வந்துட்டு, இந்தியாவுல முதல் மாநிலம் அதுதான். ராஜகோபாலுக்கு 2018ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. மலைக்கு அந்தப் பக்கம் பொறந்திருந்தா அம்மா அத்தனை ராத்திரி கத்தியிருக்க வேண்டாமேன்னு எனக்கு இன்னும் தோணிக்கிட்டே இருக்கு.

நம்ம பக்கம் ஒண்ணுமே இல்லன்னு நான் சொல்ல மாட்டேன், அது நியாயம் இல்ல. 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல பிரஷர் சுகர் மாத்திரையோட பேலியேட்டிவ் கேரும் உண்டு, எங்க வீட்டுக்கும் ஒரு நர்ஸ் தங்கச்சி வந்தா, அவ குணத்துக்கு நான் கும்பிடணும், அம்மா முதுகுல படுக்கைப் புண் வராம இருக்க எப்படித் தலகாணி வைக்கணும்னு தரையில உக்காந்து சொல்லிக் குடுத்தா. சென்னைல மாத்தூர் பக்கம் ஜீவோதயான்னு ஒரு இல்லம் கேன்சர் முத்தினவங்கள காசு வாங்காம ரொம்ப வருஷமா பாத்துக்கிட்டு வருது. நல்ல உள்ளங்கள் இருக்கு. ஆனா சென்னைல இருக்கறது எங்க ஊர்க்காரங்களுக்கு எப்படி எட்டும்?

இன்னொரு விஷயம். பேலியேட்டிவ்னா கடைசி ஒரு வாரத்துக்குத்தான்னு நினைக்கறாங்க, டாக்டர்களும் அப்படித்தான் அனுப்பறாங்க. 2010ல அமெரிக்காவுல பாஸ்டன்ல ஒரு ஆய்வு வந்துச்சு, முத்தின நுரையீரல் கேன்சர் புதுசா கண்டுபிடிச்ச 151 பேர். எல்லாருக்கும் வழக்கமான கேன்சர் சிகிச்சை, அதுல ஏறக்குறைய பாதிப் பேருக்கு மட்டும் ஆரம்பத்துல இருந்தே பேலியேட்டிவ் டாக்டர்களும் சேந்து பாத்துக்கிட்டாங்க. அந்தப் பாதிப் பேருக்கு மனச்சோர்வு கம்மியா இருந்துச்சு, கடைசி நாள்ல தேவையில்லாத கீமோ ஊசின்னு கஷ்டப்படுத்தினதும் கம்மி, அதோட கூட நாளும் இருந்தாங்க, அவங்க நடுமட்ட ஆயுசு, அதாவது அவங்கள்ல சரிபாதி ஆளுங்க தாண்டின காலம், 11.6 மாசம், மத்தவங்களுக்கு 8.9 மாசம். அப்ப கீமோ எடுக்கறவங்களுக்கும் இது வேணும், வேண்டாம்னு சொல்றவங்களுக்கு இன்னும் முன்னாடியே வேணும். ரிப்போர்ட் வந்த அன்னைக்கே பேலியேட்டிவ் டாக்டர் யார்னு கேளுங்க.

கீமோ வேண்டாம்னு சொன்னா எல்லாமே வேண்டாம்னு ஆகிறாது, இதையும் யாரும் எங்களுக்கு சொல்லல. எலும்பு வலிக்கு ஒரே ஒரு தடவை ரேடியேஷன் குடுத்தாலே நிறைய பேருக்கு வலி குறையுது, போய்ட்டு அன்னைக்கே வீட்டுக்கு வந்துரலாம். அம்மா அதுக்கு மட்டும் சம்மதிச்சாங்க, தோள்பட்டை வலி நல்லாவே குறைஞ்சுது. நுரையீரலைச் சுத்தி நீர் கோத்துக்கிட்டா ஊசி போட்டு எடுத்து விடுவாங்க, எடுத்தா கொஞ்ச நாளைக்கு மூச்சு லேசா இருக்கும். இளைப்பு வரும்போது மல்லாக்கப் படுக்க வைக்காதீங்க, முதுகுக்குத் தலகாணி குடுத்து நிமிர்த்தி உக்கார வெச்சு, முன்னாடி ஒரு ஸ்டூல் போட்டு அதுல கைய ஊனிக்கிட்டு சாஞ்சு உக்காரச் சொல்லுங்க. ஜன்னலைத் திறந்து விடுங்க, சுத்தி நிக்கற கூட்டத்தை வெளிய அனுப்புங்க. முகத்துக்கு நேரா விசிறியால வீசறதோ சின்ன கை ஃபேன் வைக்கறதோ சாதாரண விஷயமாத் தெரியும், ஆனா கன்னத்துலயும் மூக்குலயும் காத்து படும்போது திணறல் குறையறதை ஆராய்ச்சி பண்ணியே பாத்திருக்காங்க. ஆக்ஸிஜன் மெஷின் வாடகைக்கு எடுக்கணும்னு எல்லாரும் ஓடறாங்க, ரத்தத்துல ஆக்ஸிஜன் குறைஞ்சவங்களுக்குத்தான் அது பலன், அளவு சரியா இருக்கறவங்களுக்கு ஃபேனே போதும், டாக்டரைக் கேட்டுட்டு எடுங்க.

சாப்பாடுதான் எங்க வீட்ல பெரிய சண்டை. “சாப்பிடாமக் கெடக்காளே, பட்டினி போட்டுக் கொல்லப் போறியா, மூக்குல டியூப் போடச் சொல்லு, ரெண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏத்தச் சொல்லு”ன்னு அத்தை ஒருத்தங்க தினமும். பெத்தவங்க சாப்பிடாம இருக்கறதைப் பாக்க முடியாதுதான், எனக்கு மட்டும் முடியுமா. ஆனா முத்தின கேன்சர்ல பசி போறது நோயோட வேலை, நாம ஊட்டாததால வர்றது இல்ல, வம்பா ஊட்டினா உடம்புல ஒட்டாது, புரை ஏறி இன்னும் கஷ்டம். கடைசி நாட்கள்ல குளுக்கோஸ் ஏத்தினா காலு வீங்கி, நெஞ்சுல சளி கூடி, இளைப்பு ஜாஸ்தி ஆகவும் வாய்ப்பு இருக்கு. அம்மா கேட்டப்ப ரெண்டு ஸ்பூன் பதநீர், கொஞ்சம் மோர், நுங்கு சீசன்ல ஒரு நுங்கு. கேக்காதப்ப உதடும் நாக்கும் காயாம ஈரத்துணியால தொட்டுத் தொட்டு விட்டோம். அது போதும்னு டாக்டரம்மா சொன்னாங்க. சாப்பாட்டுக்கு பதிலா வேற ஊர்ல இருந்து வாட்ஸப்ல வர்ற வைத்தியம் பத்தியும் சொல்லணும், முள்சீத்தா கஷாயம், கருஞ்சீரகம், அந்தப் பொடி இந்தப் பொடி, பத்தாயிரம் இருபதாயிரம்னு. வலில துடிக்கறவங்க வீட்டுக்கு இதை விக்கறது பாவம். துபாய்ல இருக்கற என் தம்பி மனசு கேக்காம பணம் கட்டிட்டான், பார்சல் வந்துச்சு, அம்மா தொட்டுக்கூடப் பாக்கல.

அம்மாகிட்ட நோயைச் சொல்லக் கூடாதுன்னு சென்னைல இருக்கற அண்ணனும் மதினியும் ஒத்தைக் கால்ல நின்னாங்க. “சொன்னா உடைஞ்சு போயிருவாங்க”ன்னு. நிறைய வீட்ல இப்படித்தான், டாக்டர் ரூமுக்கு வெளிய நின்னு “அவங்ககிட்ட மட்டும் சொல்லிறாதீங்க சார்”னு கையெடுத்துக் கும்பிடறாங்க. பாசத்துலதான் செய்யறாங்க, ஆனா என்னோட கருத்து, அது படுத்திருக்கறவங்களத் தனியா விடற காரியம். உடம்பு அவங்களோடது, அவங்களுக்குத் தெரியாமலா இருக்கும். நான் சொல்லிட்டேன். அம்மா கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு “நான் நினைச்சது சரிதான்”னு சொன்னாங்க, அவ்வளவுதான். அப்புறம் கழுத்துல கிடந்த சங்கிலி யாருக்குன்னு சொன்னாங்க, அம்பாசமுத்திரத்துல இருக்கற தங்கச்சியோட ரொம்ப வருஷமாப் பேச்சு இல்லாம இருந்தது, ஆள் விட்டு வரச் சொல்லி ரெண்டு பேரும் ஒரு பொழுது பூரா பேசினாங்க. தெரியாமலே வெச்சிருந்தா அதுல ஒண்ணு நடந்திருக்குமா? எப்படிச் சொல்லணும்னு தெரியலன்னா பேலியேட்டிவ் டாக்டர்களைச் சொல்லச் சொல்லுங்க, எவ்வளவு கேக்கறாங்களோ அவ்வளவு மட்டும் சொல்லி, கேக்காததைத் திணிக்காமச் சொல்ல அவங்களுக்குத் தெரியும்.

பாத்துக்கறவங்க பத்தியும் ஒரு வார்த்தை. நம்ம ஊர்ல அது மகளோ மருமகளோதான். தனியார் ஸ்கூல்ல லீவு போட்டா சம்பளம் கட், நீள லீவுன்னா வேலையே இருக்காது. ராத்திரி முழிப்பு, பகல்ல வேலை, நடுவுல வர்றவங்களுக்கு காப்பி. வந்து பாத்துட்டு அழுதுட்டுப் போறவங்களுக்கு ஒரு வேண்டுகோள், அடுத்த தடவை வரும்போது ரெண்டு மணி நேரம் நீங்க உக்காருங்க, அந்தப் பொண்ணு போய் படுத்துத் தூங்கட்டும். ஹார்லிக்ஸ் பாட்டில், ஆப்பிள் வாங்கிட்டு வர்றதை விட அது ஆயிரம் மடங்கு பெருசு. கேன்சர் தொத்தாது, ஒரே டம்ளர்ல தண்ணி குடிச்சாலும் தொத்தாது, பேரப் பிள்ளைங்களை தூர நிக்க வைக்காதீங்க.

கடைசி நேரத்துல என்ன செய்யறதுன்னு முன்னாடியே வீட்ல பேசி வெச்சுக்கணும், இதைக் கண்டிப்பாச் சொல்லணும். மூச்சுல கர் கர்னு சத்தம் வரும், கை கால் ஜில்லுன்னு ஆகும், ஆள் அடையாளம் தெரியாமப் பேசுவாங்க, இதெல்லாம் வரும்னு யாராவது சொல்லியிருந்தா பயம் இருக்காது. சொல்லலன்னா பயத்துல ராத்திரி 108க்கு போன் போட்டு, அங்க இருந்து ஐசியூ, வாய்ல டியூப், கைய கட்டிப் போட்டு, பிள்ளைங்க வெளிய பெஞ்சுல, அவங்க உள்ள. வேண்டாம்னு சொன்ன அத்தனையும் கடைசி ரெண்டு நாள்ல நடந்துரும். கண்ணியமா சாகற உரிமையும் வாழற உரிமைல அடக்கம்னு 2018 மார்ச்ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பே குடுத்திருக்கு, வெண்டிலேட்டர் வேண்டாம்னு ஒருத்தர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம், 2023ல அந்த நடைமுறையை இன்னும் சுலபம் ஆக்கியிருக்காங்க. அம்மா எழுதல, ஆனா எங்க எல்லாரையும் உக்கார வெச்சு வாய் விட்டுச் சொன்னாங்க, அண்ணனும் போன்ல கேட்டான். அதனால கடைசி அன்னைக்கு யாரும் யாரையும் குத்தம் சொல்லல. நோயால வீட்லயே தவறினா போலீஸ் கேஸ் ஆகும்னு ஒரு பயம் சுத்துது, அப்படி இல்ல, பாத்துக்கிட்டு இருந்த டாக்டர்கிட்ட சான்று வாங்கி 21 நாளுக்குள்ள பதிவு பண்ணினாப் போதும்.

அரசாங்கத்துக்கு நான் கேக்கறது பெரிய செலவு பிடிக்கற காரியம் எதுவும் இல்ல. தாலுகா ஆஸ்பத்திரி ஒவ்வொண்ணுலயும் மார்ஃபின் மாத்திரை இருக்கணும், அதை எழுதிக் குடுக்கத் தெரிஞ்ச ஒரு டாக்டராவது, சும்மா போர்டு மட்டும் இல்லாம, பயிற்சி முடிச்சு அங்க இருக்கணும். சங்கரன்கோவில்காரங்களும் கடையநல்லூர்காரங்களும் அரை மாத்திரைக்கு ஒரு நாள் பூரா பஸ்ல போகக் கூடாது. வீட்டுக்கு வர்ற நர்ஸுங்களுக்கு பின்னாடி ராத்திரி போன் எடுக்கற ஒரு டாக்டர் நம்பர் வேணும், வலி ராத்திரிலதான் கூடுது. கேன்சர் ஆஸ்பத்திரிங்க டிஸ்சார்ஜ் சீட்டுல ஆதரவு சிகிச்சைன்னு எழுதும்போது அது எந்த ஊர்ல, எந்தக் கிழமை, யாரைப் பாக்கணும்னு தமிழ்ல எழுதிக் குடுக்கணும். அக்டோபர்ல ரெண்டாவது சனிக்கிழமை உலக பேலியேட்டிவ் தினம் வருது, அன்னைக்கு உங்க பேப்பர்ல மாவட்டம் வாரியா மார்ஃபின் எங்க கிடைக்கும்னு விசாரிச்சு ஒரு பட்டியல் போடுங்க, ஜனங்க வெட்டி பீரோவுல ஒட்டி வெச்சுக்குவாங்க.

இடம் பத்தலன்னா இந்த லெட்டர்ல எதை வேணும்னாலும் சுருக்கிக்கோங்க, எங்க அம்மா கதையைக் கூட எடுத்துருங்க. மார்ஃபின் எப்படிக் குடுக்கணும்னு எழுதின பகுதியையும் 2014 சட்டத் திருத்தத்தையும் மட்டும் வெட்டிராதீங்க.

இப்படிக்கு,
உங்க பேப்பரோட பல வருஷ வாசகி,
தென்காசி மாவட்டம்.